கூண்டும் பூட்டும்: வயது வந்தோரின் நாய்க்குட்டி வேட விளையாட்டில் அடைப்பு குறித்து அறிய வேண்டியவை

வயது வந்த இருவர், இருவரின் முழுச் சம்மதத்துடன், ஒருவர் நாய்க்குட்டியாகவும் மற்றவர் அதனை வளர்ப்பவராகவும் பாவித்துக்கொள்ளும் வேட விளையாட்டு ஒன்று உண்டு. அதில் கூண்டும் சில வேளைகளில் இடம்பெறுகிறது. ஒரு மனிதரைக் கூண்டில் அடைப்பதால் அவர் உடலுக்கும் மனத்துக்கும் என்னென்ன நேரக்கூடும், அவற்றைத் தவிர்ப்பது எவ்வாறு என்பதையே இக்கட்டுரை விளக்குகிறது. இவ்விளையாட்டை இப்பக்கம் பரிந்துரைக்கவில்லை. அதில் ஈடுபடுவோரை இகழவும் இல்லை. வெளியில் சொல்ல வெட்கப்பட்டு, கேட்க ஆளின்றி, தவறான முறையில் பூட்டிக்கொண்டு உயிருக்கு ஆபத்தைத் தேடிக்கொள்வதைக் காட்டிலும், தெரிந்துகொண்டு விலகுவதோ பாதுகாப்புடன் ஈடுபடுவதோ மேலானது.

இது பெருநகரங்களுக்கு மட்டுமே உரிய செய்தி என்று கருத வேண்டியதில்லை. கைப்பேசி எட்டும் இடமெல்லாம் இச்செய்தியும் எட்டியிருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் நாய் வளர்ப்பு பழமையானது. கோம்பை என்னும் ஊரின் பெயரையே தாங்கிய நாயினம் இங்கு உண்டு. ஆகவே சுருளிப்பட்டி போன்ற சிற்றூரிலும் நாய்க்கூண்டு கிடைப்பதற்கு அரிய பொருளன்று. ஆனால் நாய்க்கென்று செய்யப்பட்ட கூண்டு மனித உடலின் அளவையோ மூட்டுகளையோ மனத்தில் கொண்டு செய்யப்பட்டதன்று. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

நாய்க்குட்டி வேட விளையாட்டு என்றால் என்ன?

விலங்காக வேடமிடுவது நமக்குப் புதிதன்று. உடலெங்கும் வண்ணம் தீட்டிப் புலியாட்டம் ஆடும் கலைஞர், ஆட்டம் முடியும் வரை தம்மைப் புலியாகவே உணர்வதாகக் கூறுவார். இங்கு பேசப்படும் விளையாட்டு திருவிழாவுக்குரியதன்று, தனியறைக்குரியது. ஒருவர் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி நடப்பார், பேசுவதை நிறுத்துவார், பந்தைக் கவ்வுவார், கழுத்துப்பட்டை அல்லது முகமூடி அணிவார். மற்றவர் அவருக்கு உணவளிப்பார், தட்டிக்கொடுப்பார், ஆணையிடுவார். ஆங்கிலத்தில் ‘பப்பி பிளே’ எனப்படும் இவ்வழக்கம் மேலைநாடுகளில் தன்பாலீர்ப்புள்ள ஆண்களின் தோலாடைப் பண்பாட்டுக் குழுக்களிலிருந்து வளர்ந்தது. இன்று பிற பாலினத்தவரிடமும் காணப்படுகிறது.

பிரிட்டனில் இவ்விளையாட்டில் ஈடுபடும் 30 ஆண்களை நேர்கண்டு லியம் விக்னல், மார்க் மெக்கார்மக் என்னும் ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரை 2017ஆம் ஆண்டு ஆய்விதழில் அச்சாயிற்று. பாலுறவு இன்பத்துக்காக மட்டுமன்றி, அன்றாடப் பொறுப்புகளிலிருந்து மனத்துக்கு ஓய்வு கிடைப்பதற்காகவும் அவர்கள் இதனை நாடினர் என்பது அவ்வாய்வின் முடிவுகளுள் ஒன்று. கூண்டை விரும்புவோரும் பெரும்பாலும் இதே காரணத்தைத்தான் கூறுவர். சுற்றிலும் எல்லை இருக்கும்போது தாம் முடிவெடுக்க வேண்டியது ஏதுமில்லை என்னும் அமைதி கிடைக்கிறதாம். சிலருக்குக் கூண்டு தண்டனையின் அடையாளம். சிலருக்கு அது உறங்குமிடம். இருவர் மனத்திலும் கூண்டின் பொருள் ஒன்றாக இருக்கிறதா என்பதை முன்னதாகவே பேசித் தெளிவது நல்லது.

இது மனநோயா?

உலக நலவாழ்வு அமைப்பின் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு 2019ஆம் ஆண்டு ஏற்கப்பட்டு, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. முந்தைய பதிப்பில் நோய்களாக இடம்பெற்றிருந்த சில பாலியல் விருப்பங்கள் இப்பதிப்பில் நீக்கப்பட்டன. வயது வந்தோர் தமக்குள் சம்மதத்துடன் கொள்ளும் வழக்கத்திற்கு மாறான விருப்பம், அந்தக் காரணத்தால் மட்டுமே நோயாகாது. ஒருவர் அவ்விருப்பத்தால் கடும் மன வேதனை அடையும்போதோ, கடுங்காயம் அல்லது உயிரிழப்புக்கு வழிவகுக்கும் விதத்தில் அதில் ஈடுபடும்போதோதான் மருத்துவக் கவனம் தேவைப்படுகிறது. ‘பிறர் அறிந்தால் ஒதுக்குவார்களே’ என்னும் அச்சத்தால் மட்டும் எழும் வேதனையை இவ்வகைப்பாடு நோயின் அடையாளமாகக் கொள்வதில்லை. ஆக, விருப்பத்தையும் நோயையும் பிரிக்கும் கோடுகளுள் ஒன்று பாதுகாப்பு. பூட்டிவிட்டுக் கடைக்குப் போகும் பழக்கம் அந்தக் கோட்டைத் தாண்டியதாகும்.

சம்மதம் எது, எது சம்மதம் ஆகாது?

ஒருவரை அவர் விருப்பமின்றி ஓரிடத்தில் அடைத்து வைப்பது குற்றம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 127ஆம் பிரிவு சட்டவிரோத அடைப்பைத் தண்டனைக்குரியதாக்குகிறது. அதே சட்டத்தின் 25ஆம் பிரிவு, 18 வயதுக்கு மேற்பட்டவர் தாமே சம்மதித்த செயலால் அவருக்கு நேரும் தீங்கு, சில எல்லைகளுக்கு உட்பட்டு, குற்றமாகாது என்கிறது. எல்லை யாது? அச்செயல் மரணத்தையோ கொடுங்காயத்தையோ விளைவிக்கும் நோக்கம் கொண்டதாக இருத்தலாகாது. விளைவிக்கக்கூடியது எனச் செய்பவர் அறிந்ததாகவும் இருத்தலாகாது. ‘அவரே அடைக்கச் சொன்னார்’ என்னும் சொல், மூச்சடைத்து ஒருவர் இறந்துவிட்ட பிறகு பாதுகாப்பாக நில்லாது.

அச்சத்தாலோ தவறான புரிதலாலோ அளிக்கப்பட்ட ஒப்புதலும், போதையில் விளைவு புரியாமல் அளிக்கப்பட்ட ஒப்புதலும் சம்மதம் ஆகா என்பது 28ஆம் பிரிவு. எனவே மது அருந்திய பின் தொடங்கும் எந்த அடைப்பும் சட்டத்தின் பார்வையிலும் மருத்துவத்தின் பார்வையிலும் தவறானது. 18 வயது நிறையாதவருடன் இத்தகைய விளையாட்டு எவ்வடிவிலும் கூடாது. அது போக்சோ சட்டத்தின்கீழ்க் கடுங்குற்றமாகலாம்.

சம்மதம் ஒருமுறை பெற்றுப் பெட்டியில் வைத்துக்கொள்ளும் பத்திரமன்று. எவ்வளவு நேரம், பூட்டு உண்டா, கைகள் கட்டப்படுமா, உடை எவ்வாறு, படம் எடுக்கலாமா என்பவற்றை முன்கூட்டியே பேசி முடிவு செய்ய வேண்டும். இவற்றுள் எதையும் நடுவில் திரும்பப் பெறும் உரிமை அடைக்கப்பட்டவருக்கு எந்நேரமும் உண்டு. திரும்பப் பெற்ற பின்னும் கதவு திறக்கப்படவில்லையாயின் அந்த நொடி முதல் அது விளையாட்டன்று.

இங்கு ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். குடும்பத்துக்குள் நடக்கும் வன்முறை சில வேளைகளில் இத்தகைய பெயரைச் சூடிக்கொள்கிறது. மனைவியையோ துணையையோ ‘பழக்குவதாக’க் கூறி அறையில் பூட்டுவது, உணவை மறுப்பது, கைப்பேசியைப் பறிப்பது, ‘மறுத்தால் படத்தை வெளியிடுவேன்’ என மிரட்டுவது ஆகியவை வன்முறையே. உண்மையான வேட விளையாட்டில், ‘இன்று வேண்டாம்’ எனச் சொல்பவருக்கு எந்த விலையும் கொடுக்க நேராது. இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்த்தாலே பெரும்பாலும் வேறுபாடு தெரிந்துவிடும். பாதிக்கப்படும் பெண்கள் 181 என்னும் எண்ணையும், எவரும் அவசரத்தில் 112 என்னும் எண்ணையும் அழைக்கலாம்.

ஏர்வாடி கற்பித்தது

பூட்டப்பட்ட மனிதருக்குத் தீ என்ன செய்யும் என்பதைத் தமிழ்நாடு 2001 ஆகஸ்டு 6 அன்று கண்டது. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநலம் பாதிக்கப்பட்டோரைத் தங்கவைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றின் கொட்டகை விடியற்காலையில் தீப்பிடித்தது. அங்கிருந்தோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். 28 பேர் இறந்தனர். கால்கள் கட்டப்படாதிருந்தால் ஓடிப் பிழைத்திருக்கக்கூடிய தீ அது. உச்ச நீதிமன்றம் இந்நிகழ்வைத் தானாகவே முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. பின்னாளில் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, தன் 95ஆம் பிரிவில் மனநலம் பாதிக்கப்பட்டவரை எவ்வகையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்தது. 97ஆம் பிரிவு தனிமைச் சிறையையும் தடுத்தது. உடனடி ஆபத்தைத் தவிர்க்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவரின் ஒப்புதலோடு, உடற்கட்டுப்பாட்டை அனுமதித்தது.

ஏர்வாடியில் பிணைக்கப்பட்டிருந்தோர் எவரும் அதற்குச் சம்மதித்தவரல்லர். அக்கொடுமையையும் இருவர் விரும்பி ஆடும் விளையாட்டையும் ஒன்றெனச் சொல்வது பெரும்பிழை. ஆனால் தீக்குச் சம்மதம் தெரியாது. இரும்புக் கதவும், கிடைக்காத சாவியும், உறங்கிவிட்ட காவலரும் எந்த அறையில் கூடினாலும் விளைவு ஒன்றே. சமையல் எரிவாயுக் கசிவு, மின்கசிவு, கொசுவர்த்திச் சுருளிலிருந்து மெத்தையில் பற்றும் நெருப்பு ஆகியவை எந்த வீட்டிலும் நிகழலாம். திறந்துவிட வேண்டியவருக்கே மாரடைப்போ வலிப்போ வந்து அவர் கீழே சாய்வதும் நிகழக்கூடியதே. அப்போது கூண்டுக்குள் இருப்பவர் தம்மையும் காத்துக்கொள்ள இயலாது. அவரையும் காப்பாற்ற இயலாது.

ஆகவே முதல் விதி, உள்ளே இருப்பவர் தம் கையாலேயே திறந்துகொண்டு வெளிவரக்கூடிய கதவு. தாழ்ப்பாள் போடாமல் சாத்திவைத்த கதவும், இழுத்தால் கழலும் கொக்கியும் பூட்டப்பட்ட உணர்வைத் தரப் போதுமானவை. அடைப்பின் இன்பம் மனத்தில் நிகழ்வது. அதற்கு எஃகுப் பூட்டு தேவையில்லை. பூட்டுதான் வேண்டுமெனில் ஒரு சாவி உள்ளிருப்பவரின் கைக்கு எட்டும்படி கூண்டுக்குள்ளேயே தொங்க வேண்டும். மற்றொன்று வெளியிலிருப்பவரின் உடலில் இருக்க வேண்டும். எண் பூட்டுகளை இருட்டிலும் பதற்றத்திலும் திறப்பது கடினம்; அவற்றைத் தவிர்க்கவும். கம்பியை வெட்டும் கருவி ஒன்று அதே அறையில் இருப்பது நலம். வெளியிலிருப்பவர் அறையை விட்டு அகலலாகாது, உறங்கலாகாது, மது அருந்தலாகாது. எவரும் துணையின்றித் தனியாகத் தம்மைப் பூட்டிக்கொள்வது இவ்விளையாட்டின் மிகக் கொடிய வடிவம். அதனை எவ்வகையிலும் பாதுகாப்பானதாக்க இயலாது.

கூண்டுக்குள் உடலுக்கு என்ன நேர்கிறது?

விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், 1960, நாயைக் கூட அது அசைந்து திரும்ப இயலாத அளவுள்ள கூண்டில் அடைப்பதைக் குற்றமாகக் கொள்கிறது. மனிதருக்கு வாங்கும் கூண்டில் இந்த அளவுகோலையாவது கடைப்பிடிக்க வேண்டும். முதுகை நிமிர்த்தி உட்காரவும், பக்கவாட்டில் படுக்கவும், கால்களை நீட்டவும், மறுபுறம் திரும்பவும் இடம் தேவை. பெரிய நாய்க்கான கூண்டுகள் கூடச் சராசரி உயரமுள்ள மனிதருக்கு இவற்றை ஒருசேரத் தருவதில்லை.

இடம் போதாதபோது முதலில் பாதிக்கப்படுவது மூச்சு. முழங்கால்கள் மார்போடு அழுந்தி, முகவாய் கழுத்தில் மடிந்து கிடக்கும் நிலையில் மார்புக்கூடு விரிவதும் உதரவிதானம் கீழிறங்குவதும் தடைப்படுகின்றன. காற்று இருந்தும் அதனை உள்ளிழுக்க உடலுக்கு இடம் இராது. உடற்பருமன் உள்ளோருக்கும், மது அல்லது தூக்க மாத்திரை உட்கொண்டோருக்கும் இது விரைவில் நேரும்; மயங்கியவர் தம் நிலையை மாற்றிக்கொள்ள மாட்டார். இவ்வகை மூச்சுத்திணறலில் ஓசை எழாமலும் போகலாம். ‘அமைதியாகத்தான் இருக்கிறார்’ எனத் தோன்றும் வேளையே கவலைப்பட வேண்டிய வேளை. கம்பிகளாலான கூண்டுக்கு மாறாக மரப்பெட்டி, இரும்புப் பீரோ, வாகனத்தின் பின்பெட்டி ஆகியவற்றைப் பயன்படுத்துவோர் உண்டு. இவற்றில் காற்றோட்டம் இல்லை. உள்ளிருப்பவர் விடும் கரியமில வாயுவே அவரை மயக்கத்தில் ஆழ்த்தும். இவை ஒருபோதும் கூடா.

அடுத்தது நரம்பு. முழங்காலுக்குச் சற்றுக் கீழே, காலின் வெளிப்புறத்தில் கைக்குத் தட்டுப்படும் எலும்பு முடிச்சு ஒன்றுண்டு. பாதத்தை மேலே தூக்கும் நரம்பு அதனைச் சுற்றி, தோலுக்கு மிக அருகில் செல்கிறது. நெடுநேரம் குந்தியிருந்தாலோ, அவ்விடம் கம்பியில் அழுந்தினாலோ அந்நரம்பு செயலிழந்து பாதம் தொய்ந்துவிடும். நடக்கும்போது கால்விரல்கள் தரையைத் தேய்க்கும். நாளெல்லாம் குந்தியமர்ந்து களையெடுக்கும் தொழிலாளருக்கும் இத்தொய்வு ஏற்படுவதுண்டு. பலருக்கு வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகும். சிலருக்குக் குறை நிலைத்துவிடும். மரத்துப்போதலும் ஊசி குத்துவது போன்ற உணர்வும் இதன் முன்னறிவிப்புகள். இவை தோன்றிய உடனே வெளியே வர வேண்டும். ‘இன்னும் சிறிது நேரம்’ என்று பொறுப்பதில் பெருமை ஏதுமில்லை.

இரத்த ஓட்டம் குறித்து இரண்டாம் உலகப்போர்க் காலம் ஒரு பாடம் தருகிறது. 1940இல் குண்டுவீச்சுக்கு அஞ்சி இலண்டன் மக்கள் பதுங்குமிடங்களில் மடக்கு நாற்காலிகளில் இரவெல்லாம் அமர்ந்து உறங்கினர். நாற்காலியின் விளிம்பு தொடையின் அடியில் அழுத்த, கால் சிரைகளில் இரத்தம் உறைந்தது. உறைகட்டி நுரையீரலுக்குச் சென்று அடைக்கச் சிலர் திடீரென இறந்தனர். தடயவியல் மருத்துவர் கீத் சிம்ப்சன் அவ்வாண்டிலேயே இதனை எழுதினார். அதற்கடுத்த ஆண்டு, எரிக் பைவாட்டர்ஸ் என்பவர் இடிபாடுகளில் பல மணிநேரம் நசுங்கிக் கிடந்து மீட்கப்பட்டோர் சில நாள்களில் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததை விவரித்தார். அழுத்தத்தால் சிதைந்த தசையிலிருந்து வெளிப்படும் பொருள்கள் சிறுநீரகத்தை அடைப்பதே காரணம். கூண்டுக்குள் ஓரிரவு முழுவதும் மடங்கிக் கிடப்பது இவ்விரண்டுக்கும் வழிதிறக்கிறது. அடைப்புக்குப் பிறகு ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ, சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் கழிந்தாலோ மறுநாள் வரை காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்க.

எவ்வளவு நேரம் பாதுகாப்பானது என்று கேட்போருக்கு ஓர் எண்ணைச் சொல்லி அமைதிப்படுத்த இயலாது. அது உடலையும் கூண்டையும் பொறுத்தது. முதல்முறை பத்துப் பதினைந்து நிமிடங்கள் போதும். அதன்பின்னும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை நிலையை மாற்றுவதும், ஒரு மணி நேரத்துக்குள் வெளியே வந்து நடப்பதும் விவேகம். பூட்டிய கூண்டில் இரவு உறக்கம் கூடவே கூடாது. தரைக் கம்பிகளின் மேல் தடித்த மெத்தை இட வேண்டும். வெறுங்கம்பியில் ஊன்றிய முழங்கால்களில் சில நிமிடங்களிலேயே தோல் கன்றும்.

கழுத்துப்பட்டை தனி எச்சரிக்கைக்குரியது. பட்டையையோ அதில் கோத்த சங்கிலியையோ கூண்டுடன் பிணைக்கலாகாது. உள்ளிருப்பவர் வழுக்கினால் அல்லது மயங்கினால் அவர் உடல் எடையே சுருக்காகிவிடும். உட்கார்ந்த நிலையிலும், முழங்காலிட்ட நிலையிலும் கழுத்து நெரிபட்டு உயிர் போகும் என்பதைப் பலர் அறிவதில்லை. இழுத்தால் இறுகும் உருவாஞ்சுருக்கு, இறுகும் வகை நாய்ச் சங்கிலி ஆகியவற்றை மனிதக் கழுத்தில் இடவே கூடாது. பட்டைக்கும் கழுத்துக்கும் இடையே இரு விரல் எளிதில் நுழைய வேண்டும்.

உண்மையான நாய் முன்பு பயன்படுத்திய கூண்டாயின் உண்ணி, படர்தாமரை, தோலுக்குள் நெளியும் கொக்கிப்புழுக்களின் இளம்புழு ஆகியவை தொற்றலாம். சோப்புநீரால் கழுவி வெயிலில் நன்கு உலர்த்துக. துருப்பிடித்த முனைகள் கிழித்தால் தணுக்குவாத ஊசி தேவைப்படும். நாய்க்கான உணவையும் மெல்லும் எலும்புகளையும் மனிதர் உண்ணலாகாது. தலை குனிந்து கிண்ணத்தில் வாய்வைத்து உண்ணும்போது புரையேறும் வாய்ப்பும் உண்டு. திட உணவைக் கூண்டுக்கு வெளியே வைத்துக்கொள்வது நல்லது.

பள்ளத்தாக்கின் வெப்பம்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், சுருளி அருவிக்கு அருகில் இருக்கும் ஊர்தானே என்று வெப்பத்தை எளிதாக எண்ணிவிடலாகாது. கோடையில் தகரக் கூரையின்கீழ் கதவடைத்த அறை எத்தகையது என்பது இங்கு வாழ்வோர்க்குத் தெரியும். இவ்விளையாட்டு பிறர் கண்ணுக்குப் படாமலிருக்கச் சன்னல்களையும் மூடிவிடுவர். அதன்மேல் தோல் அல்லது இரப்பராலான முகமூடியும் ஆடையும் சேர்ந்தால் வியர்வை ஆவியாக வழியில்லை. உடல் தன் வெப்பத்தை வெளியேற்ற முடியாமல் தவிக்கும். தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு தொடக்க அறிகுறிகள். பேச்சு குழறி, நினைவு தடுமாறி, உடல் அனலாகக் கொதித்தால் அது வெப்பவாதம், உயிருக்கு ஆபத்து. உடனே வெளியே எடுத்து, ஆடை களைந்து, நீரை உடலெங்கும் ஊற்றி விசிறிக்கொண்டே 108ஐ அழைக்க வேண்டும். மின்விசிறியை நம்பித் தொடங்கிய விளையாட்டை மின்தடை ஏற்பட்டதும் நிறுத்திவிடுக. குடிநீர் உள்ளிருப்பவரின் கைக்கு எட்டும்படி இருக்கட்டும். சிறுநீர் கழிக்க வேண்டும் என்றால் திறந்துவிட வேண்டும். அடக்கச் சொல்வதும், அதற்கு அஞ்சித் தண்ணீர் குடிக்காமலிருப்பதும் சிறுநீர்த் தொற்றுக்கு அழைப்பு.

பேசாத வேடத்தில் ‘நிறுத்து’ என்பது எப்படி?

பிற வேட விளையாட்டுகளில் முன்பே பேசிவைத்த ஒரு சொல்லைக் கூறினால் யாவும் நின்றுவிடும். நாய்க்குட்டியாக இருப்பவரோ பேசுவதில்லை. குரைப்பதும் முனகுவதும் விளையாட்டின் பகுதியாகவே கேட்கும். வாயில் பந்தோ முகமூடியோ இருந்தால் சொல் வெளிவராது. ஆகவே குறி தேவை. கையில் ஒரு மணியையோ கீச்சொலி எழுப்பும் பொம்மையையோ பிடித்திருந்து கீழே விடுவது நல்ல வழி. ஏனெனில் மயங்கினால் பிடி தானாகவே தளரும். அதுவும் ஒரு செய்தியாகும். கம்பியில் மும்முறை தட்டுவதும் பயன்படும். இத்துடன், வெளியிலிருப்பவர் சில நிமிடங்களுக்கு ஒருமுறை கையை நீட்ட, உள்ளிருப்பவர் அதனை இருமுறை அழுத்த வேண்டும். அழுத்தவில்லையெனில் கேள்வி கேட்டு நிற்காமல் திறந்துவிட வேண்டும். மனிதப் பேச்சு எழுந்தாலே விளையாட்டு நின்றது என்று பொருள் கொள்வதும் எளிய உடன்பாடு. வாயை அடைக்கும் எந்தப் பொருளையும் கூண்டுடன் சேர்த்துப் பயன்படுத்தாதிருப்பதே சிறந்தது. வாந்தி வந்தால் புறப்படும் வழி அடைபடும்.

எவர் தவிர்க்க வேண்டும்?

ஆஸ்துமா, இதயநோய், வலிப்பு, முன்பு இரத்த உறைவு ஏற்பட்டமை, கருவுற்றிருத்தல், அண்மையில் அறுவை சிகிச்சை ஆகிய நிலைகளில் உள்ளோர் அடைப்பைத் தவிர்க்க வேண்டும். இன்சுலின் போடும் நீரிழிவு நோயாளருக்குச் சர்க்கரை தாழ்ந்தால் தோன்றும் நடுக்கமும் குழப்பமும் நடிப்பாகத் தோன்றிவிடக்கூடும். நீரிழிவால் காலில் உணர்ச்சி குறைந்தோருக்கு நரம்பு அழுந்துவதே தெரியாது. மூடிய இடங்களைக் கண்டு அஞ்சுவோரையும், சிறுவயதில் அறையில் பூட்டப்பட்ட கசப்பான நினைவுடையோரையும் ‘பழகினால் சரியாகும்’ எனக் கூறி உள்ளே அனுப்பலாகாது. அச்சத்துக்குச் சிகிச்சை உண்டு. அது பயிற்சி பெற்றவரிடம் பெற வேண்டியது, கூண்டில் அன்று.

வெளியே வந்த பின்

மடங்கியிருந்தவர் சட்டென எழுந்தால் தலைசுற்றி விழக்கூடும். முதலில் அமர்ந்து, கணுக்கால்களை அசைத்து, நீர் அருந்திப் பின் எழ வேண்டும். சிலருக்கு அன்றோ மறுநாளோ காரணமறியாத சோர்வும் அழுகையும் வரும். உடன் அமர்ந்திருத்தலும், போர்வையும், இயல்பான பேச்சும் பெரும்பாலும் போதுமானவை. இச்சோர்வு நாள்கணக்கில் நீடித்தாலோ, வாழ்வில் பிடிப்பற்ற எண்ணங்கள் எழுந்தாலோ, டெலி மானஸ் சேவையின் 14416 என்னும் கட்டணமில்லா எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

உள்ளிருப்பவர் மயங்கிவிட்டால் கதவைத் திறந்து, கழுத்திலும் வாயிலும் உள்ளவற்றை அகற்றி, சமதரையில் கிடத்துக. மூச்சு இயல்பாக இருந்தால் ஒருபக்கமாகச் சாய்த்து வைக்க வேண்டும். மூச்சில்லையெனில் மார்பின் நடுவே இரு கைகளால் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை வரை அழுத்துவதை உடனே தொடங்கிவிட்டு, ஒலிபெருக்கியில் 108ஐ அழைத்து அவர்கள் சொல்வதைப் பின்பற்றுக. சுருளிப்பட்டிப் பகுதியினருக்கு அண்மையில் கம்பம் அரசு மருத்துவமனை உள்ளது. உயர்சிகிச்சை தேவையெனில் க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அங்குச் செல்ல ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால் தயக்கத்தில் கழியும் நிமிடங்கள் விலை மிக்கவை. வெட்கத்தால் முதலில் அறையை ஒழுங்குபடுத்திவிட்டு அழைப்போம் என்று எண்ணுவது உயிரை இழக்கச் செய்யும்.

மருத்துவரிடம் உண்மையைக் கூறுவது அவசியம். ‘கட்டிலிலிருந்து விழுந்தேன்’ என்றால் அவர் எலும்பைத் தேடுவார். ‘மூன்று மணி நேரம் கால் மடங்கிக் கிடந்தேன்’ என்றால் தசையையும் சிறுநீரகத்தையும் சோதிப்பார். எவ்வளவு நேரம், எந்த நிலையில், எந்த உறுப்பு அழுந்தியது, மது அல்லது மருந்து ஏதேனும் உட்கொண்டது உண்டா என்னும் நான்கு செய்திகளே அவருக்குத் தேவை. ஏன் செய்தீர்கள் என்பதை விளக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. நோயாளியின் தகவலை மறைகாப்பது மருத்துவரின் கடமை. மனநலச் சிகிச்சையில் இவ்வுரிமையை 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு உறுதி செய்கிறது. நேரில் செல்லும் முன் கேட்டுத் தெளிய விரும்பினால் 104 என்னும் மருத்துவ உதவி எண்ணில் கேட்கலாம்.